தொலைபேசியிற் கூடும் சபை

ஒலியைத் தூரத்துக்குக் கொண்டுசெல்லும் கருவிகளுள் இரண்டு நம்மவர்க்கு நெடுநாட் பழக்கமுடையவை. ஒன்று வானொலி, மற்றொன்று தொலைபேசி. வானொலியில் ஒருவர் பேசப் பலர் கேட்கின்றனர். கேட்பவர் மறுமொழி கூற வழியில்லை. தொலைபேசியில் இருவர் பேசுகின்றனர். மூன்றாமவர்க்கு அங்கே இடமில்லை. ஊர்ப்பொதுக் காரியம் ஒன்றைப் பற்றி ஐவரோ பதின்மரோ கலந்து பேச வேண்டுமாயின் இவ்விரண்டும் போதா. கோயில் மண்டபத்திற் கூடுவது போல, எல்லாரும் பேச எல்லாரும் கேட்கும் ஒரு சபை வேண்டும். அத்தகைய சபையைத் தொலைபேசியிலேயே கூட்டும் முறைக்கு மாநாட்டு அழைப்பு என்று பெயர். அது எவ்வாறு நடைபெறுகிறது, அதனை அமைப்பவர் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பவையே இன்றைய பேச்சின் பொருள்.

மட்டக்களப்பு மக்களுக்கு இப்பொருளில் தனி அக்கறை உண்டு. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவி நமது நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரு கூறாக்கிக் கிடக்கின்றது. கல்லடியை நகரத்தோடு 1924 ஆம் ஆண்டுப் பாலம் இணைத்தது. அதன் அருகே புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. மண்முனைத் துறையிலோ 2014 இல் பாலம் திறக்கப்படும் வரை படகுப்பாதையே கதியாயிருந்தது. மாரிகாலத்தில் வெள்ளம் பெருகி வீதிகள் மூழ்கினால், அரை மணித்தியால வழி அரை நாள் வழியாகிவிடும். மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களிலும் உள்ள அதிபர்களோ, கிராமந்தோறும் பணிபுரியும் உத்தியோகத்தர்களோ அவசரமாகக் கலந்து பேச வேண்டிய நாள், பெரும்பாலும் அவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட முடியாத நாளாகவே இருக்கும். அந்நாளிற் கை கொடுக்கக்கூடியது தொலைபேசிச் சபையே. ஆயினும் அச்சபையில் எல்லாருடைய குரலும் எல்லாருக்கும் கேட்கின்றதா என்பது, கருவியை உண்டாக்கிய அறிஞரின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. அதனை அமைப்பவரின் கருத்தையும் பொறுத்தது. அஃது எவ்வாறு என்பதை அறியச் சற்று அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஓர் அறையில் பலர் கூடிப் பேசும்போது அவர்களுடைய குரல்களை ஒன்று சேர்ப்பது எது? காற்று. ஒவ்வொருவர் குரலும் காற்றில் ஓர் அதிர்வை எழுப்புகின்றது. பல அதிர்வுகள் ஓரிடத்தில் வந்து கூடினால், அவற்றின் கூட்டுத்தொகையாகிய ஓர் அதிர்வே அவ்விடத்தில் நிலவும். நமது செவிப்பறை அந்த ஒன்றையே பெறுகின்றது. நீரிலும் இதுவே விதி. முழுநிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஊன்றி மறுமுனையைக் காதோடு சேர்த்து, பாடும் மீனின் ஒலியைக் கேட்டவர்கள் பலர். அங்கே துடுப்பின் வழியே ஏறி வருவது ஓர் உயிரின் ஒலி மட்டுமன்று. நீருக்குள் எழும் ஒலிகள் யாவும் கூடிய தொகையே. இந்தக் கூட்டலைக் காற்றும் நீரும் கூலியின்றிச் செய்கின்றன.

தொலைபேசியில் பேசுவோருக்கிடையே பொதுவான காற்று இல்லை. ஒருவர் வாழைச்சேனையில் இருக்கிறார், ஒருவர் கொக்கட்டிச்சோலையில், ஒருவர் களுவாஞ்சிக்குடியில். ஆகவே காற்று செய்யும் கூட்டலை வேறொன்று செய்ய வேண்டும். பழைய நாளில், பரிமாற்று நிலையத்தில் ஒருவர் அமர்ந்து கம்பிகளைக் கையாற் கோத்து இணைத்த காலத்தில், மூவருடைய கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதே வழியாயிருந்தது. ஒரு வாய்க்காலை இரண்டு வயலுக்குத் திருப்பினால் ஒவ்வொன்றுக்கும் நீர் குறைவது போல, ஒரு பேச்சாளரின் மின்னோட்டம் பல கருவிகளுக்குப் பங்கிடப்பட்டு ஒவ்வொன்றிலும் மெலிந்தது. நால்வர் ஐவர் சேர்ந்த அளவில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

இந்தத் தடையை நீக்கியது, ஒலியை எண்ணாக மாற்றும் கலை. ஒலிக்கும் எண்ணுக்கும் உறவு உண்டென்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில், சுரங்களின் இயல்பைக் கணித அளவைகளால் ஆராய்ந்து காட்டினார். ஆனால் பேசும் குரலையே எண்வரிசையாக்கி அனுப்பி, மறுமுனையில் மீண்டும் குரலாக்கலாம் என்னும் எண்ணத்தை உருவாக்கியவர் அலெக் ரீவ்சு என்னும் ஆங்கிலப் பொறியியலாளர். பாரிசு நகர ஆய்வுகூடம் ஒன்றிற் பணியாற்றிய அவர், 1938 இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் இருந்தவை வெற்றிடக் குழாய்கள். அவற்றைக் கொண்டு இதனைச் சிக்கனமாகச் செய்ய இயலவில்லை. 1947 இல் திரான்சிசுற்றர் தோன்றி, அது மலிந்த பின்னரே ரீவ்சின் எண்ணம் கைகூடியது. 1962 இல் அமெரிக்காவில் 24 பேச்சுகளை இவ்வாறு ஒரே இணைப்பில் அனுப்பத் தொடங்கினர். 1970 இல் பிரான்சின் இலானியோன் என்னும் ஊரில், எண்முறையிலேயே அழைப்புகளை மாற்றித் தரும் பொதுப் பரிமாற்று நிலையம் இயங்கத் தொடங்கியது. நமது அயல்நாடான இந்தியாவில் 1984 இல் அமைக்கப்பெற்ற தொலைத்தொடர்பு ஆய்வு மையம், கிராமங்களுக்கென்றே சிறிய இலத்திரனியற் பரிமாற்று நிலையம் ஒன்றை உருவாக்கியது. 128 இணைப்பு வாய்கள் கொண்ட அந்நிலையம் 1986 இல் கர்நாடக மாநிலத்துக் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது.

குரல் எவ்வாறு எண்ணாகிறது? தொலைபேசிக்கு உரிய குரலின் உயர்ந்த மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 3400 அதிர்வுகள். அதன் இருமடங்குக்குச் சற்று மேலாக, செக்கனுக்கு 8000 முறை குரலின் உயரத்தை அளந்தால், அவ்வளவுகளிலிருந்தே குரலை மீட்டெடுத்துவிடலாம். ஒவ்வோர் அளவும் பூச்சியம், ஒன்று என்னும் இரண்டே இலக்கங்களால் ஆன 8 இலக்க எண்ணாக எழுதப்படுகிறது. ஆகவே ஒருவர் ஒரு செக்கன் பேசினால் 64,000 துவித இலக்கங்கள் பிறக்கின்றன. இரண்டு அளவுகளுக்கிடையே உள்ள நேரம் 125 மைக்கிரோ செக்கன், அதாவது ஒரு செக்கனில் எண்ணாயிரத்தில் ஒரு பங்கு. மனிதனுக்கு அது கண்ணிமைப்பினும் மிகச் சிறிது. இலத்திரனியற் கருவிக்கோ நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் வேறு பலருடைய எண்களையும் அதே கம்பியில் அனுப்பலாம்.

இதனை விளங்கிக்கொள்ள நமது படகுப்பாதையையே உவமையாகக் கொள்வோம். 32 இருக்கைகள் கொண்ட ஒரு படகு செக்கனுக்கு 8000 தடவை துறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இருக்கையும் ஒருவருடைய பேச்சுக்கு உரியது; ஒவ்வொரு தடவையும் அவருடைய எண் ஒன்று அவ்விருக்கையில் அமர்ந்து வரும். பூச்சியமாம் இருக்கை படகோட்டிக்கு உரியது: படகு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பதினாறாம் இருக்கை கணக்கப்பிள்ளைக்கு உரியது: யார் யாரை அழைத்தார், யார் தொலைபேசியை வைத்துவிட்டார் என்னும் செய்திகள் அதிற் செல்லும். எஞ்சிய 30 இருக்கைகளில் 30 பேச்சுகள் பயணம் செய்யும். இவ்வாறு ஒரு கம்பியிற் செல்வன செக்கனுக்கு 20,48,000 துவித இலக்கங்கள். ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் நாடுகளின் தொலைபேசி நிலையங்களில் இதுவே அடிப்படை அளவு.

இனி, துறையில் நடப்பதைப் பார்ப்போம். அங்கேதான் ஆளிச்சில்லு இருக்கிறது. நம்மூர் வழக்கில் சில்லு என்றால் வண்டிச்சில்லு நினைவுக்கு வரும். இங்கே அது விரல்நகத்தளவான சிலிக்கன் துண்டு. அதன்மேல் ஆயிரக்கணக்கான திரான்சிசுற்றர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஆளிச்சில்லினுள் இரண்டு நினைவகங்கள் உள்ளன. முதலாவது பேச்சு நினைவகம்: படகில் வந்த எண்கள் இருக்கை வரிசைப்படியே இதன் பெட்டிகளில் இறக்கி வைக்கப்படும். இரண்டாவது இணைப்பு நினைவகம்: இது ஒரு பதிவேடு. புறப்படும் படகின் இன்ன இருக்கைக்கு இன்ன பெட்டியிலிருந்து எண்ணை எடு என்று ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு வரி இதில் எழுதப்பட்டிருக்கும். வாழைச்சேனைக்காரர் 5 ஆம் இருக்கையிலும் களுவாஞ்சிக்குடிக்காரர் 20 ஆம் இருக்கையிலும் இருந்தால், "புறப்படும் 20 க்குப் பெட்டி 5, புறப்படும் 5 க்குப் பெட்டி 20" என்று இரண்டு வரிகள் எழுதினாற் போதும், இருவரும் பேசத் தொடங்கிவிடுவர். கம்பி எதனையும் கையால் தொட வேண்டியதில்லை. கனடா நாட்டு மைற்றெல் நிறுவனம் 1980களில் விற்ற எம்.ரி. 8980 என்னும் ஆளிச்சில்லு, இத்தகைய 8 படகுகளின் 256 இருக்கைகளையும் எவ்வாறு வேண்டுமானாலும் மாற்றி இணைக்கவல்லதாயிருந்தது.

கொக்கட்டிச்சோலைக்காரர் 11 ஆம் இருக்கையில் வந்து மூன்றாமவராகச் சேர விரும்பினால் என்ன செய்வது? ஒருவருடைய எண்ணைப் பல இருக்கைகளுக்குப் படியெடுத்து அனுப்ப ஆளிச்சில்லால் இயலும். வானொலி போல ஒருவர் பேசப் பலர் கேட்பதற்கு அது போதும். ஆனால் வாழைச்சேனைக்குப் புறப்படும் ஓர் இருக்கையில் 11 இன் எண்ணையும் 20 இன் எண்ணையும் சேர்த்து உட்கார வைக்க இயலாது. ஓர் இருக்கைக்கு ஓர் எண்தான். ஆகவே இரண்டு எண்களையும் கூட்டி ஓர் எண்ணாக்கித்தான் ஏற்ற வேண்டும். இக்கூட்டலைச் செய்யும் பகுதியே மாநாட்டுச் சுற்று. சில காலம் இதற்கெனத் தனிச்சில்லுகள் செய்யப்பட்டன. பின்னர் ஆளியும் மாநாடும் ஒரே சில்லில் அடங்கலாயின.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. வந்த எண்களை அப்படியே கூட்டினால் விடை பிழைத்துவிடும். ஏனெனில் தொலைபேசியின் 8 இலக்க எண் நேரான அளவன்று, சுருக்கிய அளவு. மெல்லிய ஒலிகளை நுண்ணிய படிகளாலும் உரத்த ஒலிகளைப் பெரிய படிகளாலும் அளப்பது அதன் இயல்பு. ஏறத்தாழ மடக்கையைப் போன்றது. மடக்கை அட்டவணை பயின்ற மாணவர்கள் அறிவார்கள்: 2 இன் மடக்கையோடு 3 இன் மடக்கையைக் கூட்டினால் வருவது 5 இன் மடக்கையன்று, 6 இன் மடக்கை. அதுபோலச் சுருக்கிய எண்களைக் கூட்டினால் குரல் குரலாயிராது, கரகரப்பாகிவிடும். ஆகவே மாநாட்டுச் சுற்று முதலில் ஒவ்வோர் எண்ணையும் 13 இலக்கமுள்ள நேரளவாக விரிக்கிறது, பின்னர் கூட்டுகிறது, விடையை மீண்டும் 8 இலக்கமாகச் சுருக்கி அனுப்புகிறது. சுருக்கும் விதிகள் உலகில் இரண்டு. வட அமெரிக்காவிலும் யப்பானிலும் மியூ விதி; பிற நாடுகளில் பெரும்பாலும் ஏ விதி. இரண்டில் எது என்பதைச் சில்லுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

அடுத்த நுட்பம், ஒவ்வொருவருக்கும் எதனைக் கேட்பிப்பது என்பது. எல்லாருடைய குரல்களின் தொகையையும் எல்லாருக்கும் அனுப்பினால், பேசுபவருக்கு அவருடைய குரலே திரும்பி வரும். சற்றுத் தாமதித்து வரும் தன் குரலைக் கேட்டுக்கொண்டு ஒருவராலும் சரளமாகப் பேச இயலாது, நா தடுமாறும். அன்றியும், திரும்பிய குரல் மீண்டும் உட்புகுந்து சுழன்று ஊளையிடவும் கூடும். ஆகவே ஒவ்வொருவரும் தம்மை நீக்கி ஏனையோரின் தொகையையே கேட்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு கணத்தில் வாழைச்சேனையின் அளவு 120, கொக்கட்டிச்சோலையின் அளவு சய 45, களுவாஞ்சிக்குடியின் அளவு 30 என்க. மொத்தம் 105. இதிலிருந்து அவரவர் அளவைக் கழித்தால் வாழைச்சேனைக்குச் சய 15, கொக்கட்டிச்சோலைக்கு 150, களுவாஞ்சிக்குடிக்கு 75. தனித்தனியே கூட்டிப் பார்த்தாலும் இவையே விடைகள்.

இவ்வாறு ஒருமுறை மொத்தம் கண்டு பின்னர் கழிப்பதன் சிக்கனத்தையும் காண்க. 30 பேர் கூடிய சபையில் ஒவ்வொருவருக்கும் ஏனைய 29 பேரையும் தனியே கூட்டுவதாயின் ஆளுக்கு 28 கூட்டல், மொத்தம் 840. மொத்தங்கண்டு கழிக்கும் முறையிலோ 29 கூட்டலும் 30 கழித்தலும்; ஆக 59 மட்டுமே. இதனை ஒவ்வொரு செக்கனிலும் 8000 தடவை செய்ய வேண்டும் என்பதை எண்ணினால், கணக்கில் ஒரு சிறு வழி கண்டவர் எவ்வளவு உழைப்பை மீதப்படுத்தினார் என்பது புலப்படும்.

இதுவரை கூறியவை சில்லின் தொழில். இனி அமைப்பவரின் தொழில். சில்லைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு அவர் எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிசையில் சில படிகள் தவறக்கூடாதவை.

முதலாவது, மின்சாரம் வந்தவுடன் பதிவேட்டைத் துடைத்தல். மின்னூட்டிய கணத்தில் இணைப்பு நினைவகத்தில் என்ன இருக்கும் என்று எவராலும் கூற முடியாது. அதனைத் துடைக்காமல் வாயில்களைத் திறந்துவிட்டால், முன்பின் அறியாத இருவருடைய பேச்சுகள் கலந்துவிடலாம். ஆகவே வெளிச்செல்லும் வாய்கள் யாவற்றையும் அடைத்துவைத்து, பதிவேடு முழுவதையும் வெறுமையாக்கிய பின்னரே திறத்தல் வேண்டும். இரண்டாவது, நேர ஒழுங்கு. எல்லாப் படகுகளும் ஒரே மணியோசைக்குப் புறப்பட வேண்டும். ஒன்று பிந்தினால் ஒருவர் எண் மற்றொருவர் இருக்கையில் அமரும். மூன்றாவது, வெறுமையான ஒரு மாநாட்டு எண்ணைத் தெரிந்து, சேர்வோர் ஒவ்வொருவருக்கும் அவர் வரும் இருக்கை எது, அவருக்குரிய தொகை செல்லும் இருக்கை எது என்று எழுதுதல். நான்காவது, ஒருவர் சேரும்போது எல்லாருக்கும் கேட்குமாறு சிறு மணியொலி ஒன்றை இடுதல். சபைக்குள் எவரும் ஒளிந்து நுழையலாகாது என்பதே அதன் கருத்து. ஐந்தாவது, ஒருவர் விலகியதும் அவர் வரியை உடனே நீக்குதல். நீக்காவிட்டால் அவருடைய கம்பியிலெழும் தொனியும் இரைச்சலும் சபையில் ஒலித்துக்கொண்டேயிருக்கும். இறுதியில் இருவரே எஞ்சினால் அவர்களைச் சாதாரண இணைப்புக்கு மாற்றிவிட்டு, மாநாட்டு எண்ணைப் பிறருக்கு விடுதலும் முறையாகும்.

இவை யாவும் சரியாக அமைந்தும் சபை கெடுவதுண்டு. அதற்குக் காரணம் இரண்டு: ஒன்று மிகை, மற்றொன்று இரைச்சல். பலர் ஒருங்கே உரத்துப் பேசினால் கூட்டுத்தொகை எண்ணின் எல்லையைக் கடந்துவிடும். எல்லைக்கு மேற்பட்டதைச் சில்லு வெட்டிவிடுவதால் குரல் கிழிந்து ஒலிக்கும். ஆகவே ஒவ்வொரு குரலையும் சற்றுத் தாழ்த்திக் கூட்ட வேண்டும். இரைச்சலோ அமைதியாயிருப்பவர்களால் வருவது. பேசாதிருப்பவரின் கம்பியிலும் ஒரு மெல்லிய சீறல் உண்டு. அவர் இருக்குமிடத்து மழையும் மோட்டார் வண்டியும் கோழியும் உண்டு. இருபது கம்பிகளின் சீறல் கூடினால் அதன் ஆற்றல் ஒரு கம்பியினதைப் போல இருபது மடங்காகும். ஆகவே ஒரு குறித்த அளவுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைப் பூச்சியமாகக் கொள்ளும் ஒரு வாசற்படியை அமைப்பர். படியைத் தாண்டும் ஒலியே கூட்டலிற் சேரும்.

நேயர்களே, இந்த வாசற்படியை எவ்வளவு உயரத்தில் வைப்பது? தாழ வைத்தால் இரைச்சல் நுழையும். உயர வைத்தால் இரைச்சலோடு மெல்லிய குரலும் வெளியே நின்றுவிடும். மெல்லிய குரல் யாருடையது? நிலையத்தின் அருகே நல்ல கம்பியில் இருப்பவருடையதன்று. நெடுந்தூரக் கம்பியின் கடைக்கோடியிலோ, அலைக்கோபுரத்தின் எல்லையிலோ இருப்பவருடையது, மூப்பினால் தளர்ந்தவருடையது, உத்தியோகத்தர் முன்னிலையில் உரக்கப் பேசிப் பழகாத தாயொருத்தியுடையது. அவர்கள் பேசுவதைச் சில்லு இரைச்சலென எண்ணி வாசலில் நிறுத்திவிடும். அது குற்றமறியாப் பொறி. எழுதிக் கொடுத்த எண்ணின்படி நடக்கிறது. எழுதிக் கொடுத்தவர் ஒரு மனிதர்.

இது வெறும் கற்பனையன்று. மழை வெள்ள நாளொன்றில் அதிபர்கள் பலர் தொலைபேசி வழியே கூடியதோர் ஆலோசனையில் நானும் பங்குபற்றினேன். நடுவில் ஒருவர் வேறோர் அழைப்பை ஏற்பதற்காக எங்கள் இணைப்பை நிறுத்திவைத்தார். நிறுத்திவைத்த கம்பியில் ஒலிக்கும் இசை சபை முழுவதையும் நிரப்பிவிட்டது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் எல்லாரும் அந்த இசையையே கேட்டுக்கொண்டிருந்தோம். அதுவே சிரிப்புக்கிடமானது. சிரிக்க முடியாததும் ஒன்று அன்று நிகழ்ந்தது. படுவான்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து பேசிய அதிபர், தமது பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்குக் குடிநீர் இல்லை என்பதை மூன்று முறை கூற முயன்றார். ஒவ்வொரு முறையும் ஓரிரு சொற்களே துண்டு துண்டாக எட்டின. தலைவர், "அவர் பேசுவது விளங்கவில்லை, அடுத்தவர் பேசுங்கள்" என்று கடந்துவிட்டார். கூட்டம் முடிந்தபின் நானும் மற்றொருவரும் அவரைத் தனியே அழைத்துக் கேட்டபோதுதான் செய்தி தெளிவாயிற்று. தனி அழைப்பில் அவர் குரல் நன்றாகவே கேட்டது. கம்பியிற் பெருங்குறை இல்லை. சபையை அமைத்த முறையிலேதான் அவருக்கு இடமில்லாமற் போயிற்று.

இன்று பெரும்பாலான பேச்சுகள் கணினி வலையின் வழியே பொட்டலங்களாகச் செல்கின்றன. தனிச்சில்லு செய்த கூட்டலைப் பெருங்கணினிகளில் ஓடும் நிரல்கள் செய்கின்றன. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லவும் ஆசிரியர் கூடிப் பேசவும் நாம் நாடியவை இவையே. கருவி மாறினும் கணக்கு மாறவில்லை: விரித்தல், கூட்டல், தன்னைக் கழித்தல், சுருக்கல். புதிதாகச் சேர்ந்தது ஒன்று. பெருஞ்சபைகளில் எல்லாரையும் கூட்டாமல், அந்தந்தக் கணத்தில் மிக உரத்து ஒலிக்கும் மூவரை மட்டும் தெரிந்து கூட்டும் முறையைப் பல அமைப்புகள் கையாள்கின்றன. இரைச்சல் குறைகிறது, கணக்கும் குறைகிறது. ஆயினும் உரத்தவர் மூவர் ஓயாது பேசிக்கொண்டிருந்தால், நான்காமவர் வாய் திறந்ததே எவருக்கும் தெரியாது. ஊர்ச்சபையிலாவது அவர் எழுந்து நிற்பதைக் கண்ணாற் காணலாம்; குரல் மட்டுமே உள்ள சபையில் அதற்கும் வழியில்லை.

ஆகவே மாநாட்டு அழைப்பை அமைக்கும் பொறியியலாளர்க்கும், அதனைக் கூட்டும் தலைவர்க்கும் சில கடமைகள் உள. எல்லாக் கம்பிக்கும் ஒரே அளவைச் சட்டமாக்குதல் சமநீதி போலத் தோன்றும்; உண்மையில் அது வலியவர்க்கே துணையாகும். மெலிந்து வரும் கம்பிக்கு உரப்பைக் கூட்டவும், உரத்து வரும் கம்பிக்குக் குறைக்கவும், தனித்தனி எண் எழுதச் சில்லில் இடமுண்டு. அவ்விடத்தைப் பயன்படுத்துதல் வேண்டும். பேசாதிருப்போரின் ஒலிவாங்கியை அடைத்துவைத்தால் இரைச்சல் குறையும். இரைச்சல் குறைந்தால் வாசற்படியைத் தாழ்த்தலாம். படி தாழ்ந்தால் மெல்லிய குரல் உள்ளே வரும். எனவே நாம் பேசாத வேளையில் நமது ஒலிவாங்கியை அடைப்பது, தூரத்திலிருக்கும் ஒருவர்க்கு வாயில் திறப்பதற்குச் சமமாகும். எல்லார்க்கும் இலகுவான இச்சிறு செயலைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் பழக்கலாம்.

தலைவர் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சபை தொடங்குமுன் பெயர் கூப்பிடும்போது, நகரத்தவரிலிருந்து தொடங்காமல், மிகத் தூரத்தில் மிக மெலிந்த இணைப்பில் இருப்பவரை முதலில் அழைத்துப் பேசச் செய்தல் வேண்டும். அவர் குரல் தெளிவாகக் கேட்குமளவுக்கு அளவுகளைச் சரிசெய்துகொண்டால், பிறர் குரல் கேட்கும் என்பதில் ஐயமில்லை. அவர் பேசியதைத் தலைவர் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரிதானா என்று அவரையே கேட்டு, அதன் பின்னரே அடுத்த பெயரை அழைக்கலாம். அதற்குச் செலவாவது அரை நிமிடம்.